துக்கவீட்டுச் சொதி

நிகர் வந்த பிறகு உலகத்தில் அந்நியன் என்று ஒருத்தன் இல்லாமல் போனான்.

அதற்கு முன்னால் இருந்த லட்சணம் எல்லோருக்கும் தெரியும். எங்கோ ஒரு தீவில் விருந்தாளியைக் கண்டதும் தரையில் துப்பி வரவேற்பார்கள். அதைப் பிடித்து வந்து டிவியில் போடுவார்கள். இங்கே சோபாவில் சாய்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருப்பவன், "சீ, இவனெல்லாம் மனுஷனா" என்பான். அந்தத் தீவுக்காரன் வேலை தேடி நம்மூருக்கு வந்தால் அவனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. சமயத்தில் அடியும் கிடைக்கும்.

நிகர் அந்தக் கண்றாவியை எல்லாம் ஒழித்துக் கட்டியது. வார்த்தையை மொழிபெயர்க்கிற மிஷின் எப்போதோ வந்துவிட்டது, இது வழக்கத்தை மொழிபெயர்க்கிற மிஷின். தீவுக்காரன் துப்பினால் நம் டிவியில் அவன் கைகூப்புவான். அதே படத்தை ஜப்பானில் பார்த்தால் இடுப்பை வளைத்துக் குனிவான். பார்க்கிறவன் வீட்டு வழக்கத்துக்குத் தக்கபடி முகம், கை, குரல் எல்லாவற்றையும் வழியிலேயே மாற்றிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ‘அவங்களும் நம்மள மாதிரிதான்’ என்பது அலைவரி டிவியின் விளம்பரம். டவுன் பஸ் பின்னால் எல்லாம் எழுதியிருக்கும்.

அந்த அலைவரியில்தான் சங்கரவடிவுக்கு வேலை. நிகருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. இன்ன ஜனங்கள் இதைச் செய்தால் அது நம்மூரில் இன்னதற்குச் சமம் என்று விதி எழுதிப் போட வேண்டும், மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளும். செவ்வாய்க் குடியிருப்பு மொத்தமும் அவள் பொறுப்பு. "உன் தங்கச்சியே அங்க இருக்கா. உன்னை விட்டா யாரு?" என்று செய்திப்பிரிவுத் தலைவர் ஜெயசிங் அதை அவள் தலையில் கட்டிவிட்டார்.

தங்கை கோமதி மண் ஆராய்ச்சி வேலைக்கென்று செவ்வாய்க்குப் போனவள். போன இடத்தில் நூரன் என்று அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். இருபது வருஷம் ஆயிற்று. போகவும் வரவும் முடிகிற தூரமா அது? பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பா ஆவுடையப்பன் மாப்பிள்ளையை டிவியில்தான் பார்த்திருக்கிறார். டிவி என்றால் நிகர் வழியாகத்தான். மாப்பிள்ளை வேட்டி கட்டி, மாமனாரைக் கண்டதும் எழுந்து நின்று, "சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்கிற தங்கமான பிள்ளை. அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த நூரன்தான் சுரங்கக் கூரை இடிந்து செத்துப்போனான். கூட இன்னும் சிலரும்.

செய்திக்கான படம் வந்தபோது வடிவு ஆபீசில் இருந்தாள். நிகர் ஏறாத பச்சைப் படம். அதைப் பார்க்கிற அனுமதி அவளைப் போன்ற ஓரிருவருக்குத்தான் உண்டு. பொதுக்கூடத்தில் ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய அடுப்பு. கோமதி கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு கரண்டியோடு நின்றாள். ஒவ்வொருத்தராகப் போய்ப் பரிமாறினாள். பேச்சு ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை. கோமதி ஏதோ சொன்னாள், கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வருமளவுக்கு. புருஷனைப் பறிகொடுத்து ஒரு பகல்கூட ஆகவில்லை.

என்ன பேசினார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்கவேண்டிய அவசியம் வடிவுக்கு இருக்கவில்லை. விதி அவள் எழுதியதுதானே? சாவுக்கு அவர்கள் சமைத்துப் பரிமாறிச் சிரித்தால், அது இங்கே தலைவிரித்து மாரடித்து அழுவதற்குச் சமம். பொத்தானை அழுத்தினாள். அன்று சாயந்திரச் செய்தியில் கோமதி தரையில் புரண்டு அழுதாள். நாடே அவளோடு சேர்ந்து அழுதது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நூரனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். படத்தில் அவனுக்கு விபூதிப் பட்டை.

மறுநாள் கோமதியிடமிருந்து வடிவின் வேலை எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. அவ்வளவு தூரத்துக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் இங்கே காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். அதனால் அவள் எப்போதும் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். இந்த முறை சொன்னது கொஞ்சம்தான்.

"அக்கா, அப்பாவுக்கு அந்தப் படத்தை நிகர் இல்லாமக் காட்டு. உன்னாலதான் முடியும். இதுவரைக்கும் உங்கிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல."

வடிவு அதை ஜெயசிங்கிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பச்சைப் படம் வெளிய போனா உன் வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"வேலையை விடு. உங்கப்பா என்னம்மா ஆவாரு? மாப்பிள்ளை செத்த துக்கத்துல இருக்கார். இப்பப் போய், இந்தாங்க, உங்க பொண்ணு பல்லைக் காட்டிட்டுப் பரிமாறுறா பாருங்கன்னா, மாப்பிள்ளையோட சேர்த்து மகளும் செத்த கணக்குதான்."

"அவளே கேக்குறா சார்."

"கேப்பா. நீ பின்னாடி வந்தவ, உனக்குத் தெரியாது. நான் நிகருக்கு முன்னாடியே இந்தத் தொழிலுக்கு வந்தவன். அடுத்தவன் என்ன திங்குறான், பொணத்தை என்ன பண்றான்னு குளோசப்ல காட்டி, ஜனங்களை வாந்தியெடுக்க வெச்சு, அதுல சோறு தின்னவன். நான் போட்ட ஒரு படத்தால ஒரு தெருவையே கொளுத்தினாங்க. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமா நெனச்சுதான் நிகரைக் கட்டிட்டு அழறேன். அதுக்கப்புறம் எங்கயாச்சும் தெரு எரிஞ்சிருக்கா? சொல்லு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வடிவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"எரியலை சார். ஆனா எங்கப்பா இருபது வருஷமா அவகிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. ‘அங்க ஏன் அப்படி, இது என்னது’ன்னு ஒண்ணுமே கேட்டதில்ல. எல்லாந்தான் நம்ம வீடு மாதிரியே தெரியுதே, என்னத்தைக் கேப்பார்?"

ஜெயசிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "லீவுல போறேன்னு சொன்னே, சரின்னேன். வேற எதையும் நான் கேக்கலை," என்றார்.

பாளையங்கோட்டை வீட்டில் வடிவு போய் இறங்கியபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. பெண் வீடுதான் என்றாலும் துக்கம் துக்கம்தானே, அடுப்பு மூட்டவில்லை. எதிர்வீட்டு முப்பிடாதி தூக்குவாளியில் ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"வா வடிவு. உன் தங்கச்சி அழுததைப் பாத்து எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. அந்தப் பக்கம் போயும் நம்ம வழக்கத்தை விடலையே, மகராசி."

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓட்டி முறுக்கேறிய கைகள் மடியில் சும்மா கிடந்தன. பெரிய டிவியில் கோமதி அழுகிற காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் அப்படிப் போட்டு வைத்திருந்தார்.

"வந்துட்டியாளா," என்றார். "பாத்தியா, எப்படி அழுதா பாத்தியா? நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே. நானும் அவகூட உக்காந்து அழுதுகிட்டேதான் இருக்கேன்."

முப்பிடாதி போகும்வரை வடிவு பொறுத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"யப்பா, கோமதி ஒரு படம் காட்டச் சொல்லியிருக்கா. நிகர் இல்லாதது. பாத்தா உங்களுக்குக் கோவம் வரும். வந்தாலும் முழுசாப் பாத்துருங்க."

"அவ காட்டச் சொன்னா எனக்கென்ன கோவம்? போடு."

போட்டாள். முதலில் அவர் கூட்டத்தில் மகளைத் தேடினார். கரண்டியோடு நிற்பவள்தான் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் முன்னால் குனிந்தார். கோமதி பரிமாறினாள். ஏதோ சொன்னாள். கூடமே சிரித்தது. கோமதியும் சிரித்தாள்.

"நிறுத்துளா!"

வடிவு நிறுத்தினாள்.

"யாரு இது? என்ன கூத்து இது? புருஷன் பொணத்தை எடுத்து ஈரம் காயலை, அதுக்குள்ள அடுப்பைப் பத்தவெச்சு ஊருக்கே விருந்து போட்டுக்கிட்டு இளிச்சிக்கிட்டு நிக்கா! இவளுக்கு என்ன, கிறுக்குப் பிடிச்சிட்டா?"

"அங்க அதுதாம்ப்பா வழக்கம். ஆரம்பத்துல அங்க ஒரு பெரிய சாவு விழுந்திருக்கு. எல்லாரும் நம்மள மாதிரி அன்னந்தண்ணி இல்லாம மூலையில உக்காந்துட்டாங்க. காத்து மிஷினைப் பாக்க ஆளில்ல, பயிரைப் பாக்க ஆளில்ல. செத்தவங்களைவிடத் துக்கத்துல போனவங்கதான் அதிகம். அப்ப மகனைப் பறிகொடுத்த ஒருத்தி எந்திரிச்சு அடுப்பை மூட்டி, எல்லாரையும் அதட்டித் திங்க வெச்சு, சிரிக்க வெச்சுக் காப்பாத்தியிருக்கா. அதுலேர்ந்து, யாருக்கு இழப்பு அதிகமோ அவங்கதான் சமைக்கணும். எல்லாரையும் ஒரு தடவையாச்சும் சிரிக்க வைக்கணும். சமைக்கலேன்னா, செத்தவங்க மேல பாசமே இல்லேன்னு அர்த்தம்."

"அழவே மாட்டாங்களாக்கும்?"

"அழுவாங்க. தனியா. நாம குளிக்கிற மாதிரி, அடுத்தவங்க பாக்கக் கூடாது."

ஆவுடையப்பன் உறைந்து நின்ற படத்தைப் பார்த்தார். பிறகு வடிவைப் பார்த்தார்.

"அப்ப டிவியில புரண்டு புரண்டு அழுதது யாரு?"

"யாருமில்லப்பா. மிஷின் பண்ணினது."

"இத்தனை நாளா நான் யாருகூடளா அழுதேன்?"

அவர் விடவில்லை.

"கேக்கேன்லா? அவ தலையைத் தடவணும்போல இருந்துச்சுன்னு அந்த டிவிக் கண்ணாடியைப் போய்த் தடவினேன். ஒரு மிஷினையா தடவினேன்? எந்தப் பய இதைப் பண்ணினான்?"

"நான்தாம்ப்பா. அவ சிரிச்சா நீங்க அழுகையாப் பாக்கணும்னு எழுதி வெச்சது நான்தான்."

அடிக்கப்போகிறார் என்றே நினைத்தாள். அவர் எழுந்து அறைக்குள் ஒரு நடை நடந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"புரியலை," என்றார். "நீ சொன்ன கதையெல்லாம் காதுல விழுந்துச்சு. ஆனாலும் வயிறு எரியுது. இன்னொரு தடவை போடு."

இந்த முறை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்:

"என்ன சமைச்சா?"

வடிவு விழித்தாள். "என்னப்பா?"

"மஞ்சளா என்னத்தையோ ஊத்துதா. அதை வாயில வெச்சதும்தான் எல்லாவனும் சிரிக்கான். என்ன சமைச்சா?"

அந்தப் படத்தை வடிவு எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். விதி எழுதியவள், நிபுணர், அலைவரியில் அவளை விட்டால் ஆள் கிடையாது. தட்டில் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவே இல்லை.

"தெரியலைப்பா."

"கேளு. நான் கேட்டேன்னு கேளு. அந்த மிஷினை நடுவுல விடாத."

அவர் கேட்டதைத் தன் வேலை எண் வழியாக அப்படியே பதிவு பண்ணி அனுப்பினாள். பதில் வரும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். முப்பிடாதி வைத்துவிட்டுப் போன ரசம் தூக்குவாளியில் ஆறியது.

கோமதி திரையில் வந்தாள். நிகர் ஏறாத கோமதி. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், முகம் கறுத்திருந்தது. கையெடுத்துக் கும்பிடவில்லை. அங்கே யாரும் கும்பிடுவதில்லை.

"சொதிப்பா," என்றாள்.

ஆவுடையப்பன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொதிதான் வெச்சேன். இங்க தேங்காய்ப்பாலுக்கு எங்க போக? தொட்டியில வளக்குற பாசியை அரைச்சு ஒரு பால் எடுப்போம், அதுல வெச்சது. கண்றாவியா இருக்கும். கல்யாணமான புதுசுல, ‘எங்க ஊர்ல மறுவீட்டுக்கு மாப்பிள்ளைக்குச் சொதி வெப்பாங்க, உனக்குத்தான் மறுவீடே இல்லாமப் போச்சு’ன்னு சொல்லி இதை வெச்சுப் போட்டேன். ‘அமிர்தம்’னு சொல்லித் தின்னார். அன்னையிலேர்ந்து வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு வெப்பேன், வருஷா வருஷம் அதே பொய்யைச் சொல்லுவார். அன்னைக்கு எல்லாருக்கும் ஊத்திட்டு, ‘இதைத்தான் என் புருஷன் இத்தனை வருஷம் அமிர்தம்னு தின்னார்’னு சொன்னேன். ஒரு வாய் வெச்சுப் பாத்துட்டுத்தாம்ப்பா எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க. ‘நூரன் உம்மேல எவ்வளவு பிரியமா இருந்திருக்கான்’னு ஒரு கிழவர் சொன்னார்."

கோமதி நிறுத்தி, கண்களைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள்.

"நீங்க கேட்டீங்க. அதனால நானும் ஒண்ணு கேக்கேன். அம்மா போனப்ப நம்ம வீட்டுல எடுத்த படத்தை முதல்ல எனக்கு இங்கத்திய நிகர்லதான் காட்டினாங்க. நீங்க அடுப்புக்கிட்ட நின்னு ஊருக்கே சமைச்சுப் போட்டுச் சிரிக்க வெச்சீங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? பிறகு நூரன் யார் காலையோ கையையோ பிடிச்சு பச்சைப் படத்தை வாங்கித் தந்தார். நீங்க தூண்ல சாஞ்சு உக்காந்திருந்தீங்க. அடுப்பே எரியலை. அம்மாவை வெறும் வயித்தோட அனுப்பிட்டீங்கன்னு தோணிச்சு. நம்ம ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? அங்க பொறந்தவதானே. தெரிஞ்சும் மனசு ஆறலை. ஒரு வருஷம் உங்ககூட முகம் கொடுத்துப் பேசலை நான். அது உங்களுக்குத் தெரிஞ்சுச்சா? நீங்க ஏம்ப்பா அடுப்பு மூட்டலை?"

படம் நின்றது.

"ஒரு வருஷமா?" என்று ஆவுடையப்பன் வடிவிடம் திரும்பினார். "நல்லாத்தானேளா பேசினா. சிரிச்சிக்கிட்டே, ‘சரிப்பா, ஆகட்டும்ப்பா’ன்னு."

"வீட்டு அழைப்புக்குன்னு ஒரு தணிப்பு உண்டுப்பா. மனஸ்தாபம் இருந்தா கொஞ்சம் மட்டுப்படுத்திக் காட்டும். சண்டை வருதுன்னு குடும்பங்கள் புகார் பண்ணினாங்க, அதனால வெச்சோம்."

"நாசமாப் போக," என்றார் அவர். யாரை என்று வடிவு கேட்கவில்லை.

அனுப்புகிற பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். அவர் சட்டைப் பொத்தானைச் சரிபண்ணினார், தொண்டையைச் செருமினார்.

"கோமதி. நம்ம வழக்கம் என்னன்னா, சாவு விழுந்த வீட்டுல அடுப்பு..."

நிறுத்தினார். "இதை அழிச்சிரு," என்றார். மறுபடி ஆரம்பித்தார். "பெரியவங்க எதுக்காக அப்படி வெச்சாங்கன்னா..." அதையும் அழிக்கச் சொன்னார். சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் பெட்டியைப் பார்த்துப் பேசினார். குரல் மெலிந்திருந்தது.

"மூட்டணும்னு நெனச்சாலும் மூட்டியிருக்க மாட்டேம்மா. எனக்கு அதைப் பத்த வைக்கத் தெரியாது. உங்கம்மா இருந்தவரைக்கும் நான் அந்தப் பக்கம் போனதே இல்ல. அன்னைக்கு அந்தத் தூண்ல சாஞ்சுக்கிட்டு அதைத்தான் நெனச்சேன். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டாளே, ஒரு வாய் காபி நான் போட்டுக் கொடுத்ததில்லையேன்னு. வழக்கம்னு சொல்லி எல்லாரும் என்னை விட்டுட்டாங்க. எனக்கும் அது சௌகரியமாப் போச்சு."

கொஞ்சம் யோசித்து, "உன் சொதி நல்லாத்தான் இருந்திருக்கும்," என்று சேர்த்துக்கொண்டார். "மாப்பிள்ளை பொய் சொல்ற ஆளா எனக்குத் தெரியலை."

பெட்டி வழக்கம்போலக் கேட்டது: நிகர் சேர்க்கவா? சேர்த்தால் அங்கே அவர் அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டே பேசுவார். வடிவு வேண்டாம் என்று அழுத்தினாள். வேலை போனால் போகட்டும்.

பதில் வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. வெயில் முற்றத்தைத் தாண்டிப் போனது. கடைசியில் கோமதியின் முகம் வந்தது. பேச்சு இல்லை. உதடுகள் இறுகியிருந்தன, தோள் லேசாகக் குலுங்கியது, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பார்வை மட்டும் நேராக அப்பா மேல் இருந்தது.

"அழுவுதாளா, சிரிக்காளா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

வடிவு உற்றுப் பார்த்தாள். இதைச் சொல்வதுதான் இத்தனை வருஷமாக அவள் வேலை.

"தெரியலைப்பா," என்றாள்.

அவர் நாற்காலியைத் தூக்கி டிவிக்குக் கிட்டே போட்டு உட்கார்ந்துகொண்டார்.